முடிவு தெரியும் வரையில்



இருமல் விடவில்லை என்று ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். நெஞ்சை எக்ஸ்-ரே படம் பிடிக்கிறார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், "நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது, இன்னும் சில பரிசோதனைகள் வேண்டும்" என்கிறார். "என்ன நிழல், டாக்டர்?" என்று கேட்டால், "இப்போது சொல்ல முடியாது" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். இருமலை மட்டும் கொண்டு போனவர், புற்றுநோய் என்ற சொல்லையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். அந்தச் சொல்லை டாக்டர் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

வியாதி வந்தபின் எப்படி நடந்துகொள்வது என்று பல முறை பேசியிருக்கிறோம். வியாதியா இல்லையா என்றே தெரியாமல் காத்திருக்கும் நாட்களைப் பற்றிப் பேசினதில்லை. இவ்வாரப் பாடம் அதைப் பற்றியது.

1. இரண்டு வீடுகள்

சென்ற ஒரு வருஷத்துக்குள் நம் பங்கில் இரண்டு வீடுகளில் இது நடந்தது. இருவரிடமும் உத்தரவு பெற்றே எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம்.

முதலாமவர் 54 வயதுள்ள தொழிலாளி. லேத் பட்டறையில் வேலை. வாலிபம் முதல் பீடிப் பழக்கம். மூச்சுக் குழலுக்குள் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்திருந்தார்கள். முடிவு தெரியப் பத்து நாளாகும் என்றார்கள். அவருடைய மனைவி அழுத முகத்தோடு என்னிடம் வந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, ஞானோபதேச வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. "ஒன்றும் இராது அம்மா, மாதாவை வேண்டிக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிட்டேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நல்ல ஆறுதல் சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, சாயங்கால ஆசீர்வாதம் முடிந்தபின், அந்த மனிதரே வந்தார். "சாமி, வீட்டிலே கேட்டாலும் ஒன்றும் இராது, பட்டறையிலே கேட்டாலும் ஒன்றும் இராது. நீங்களும் அப்படித்தான் சொன்னீர்களாம். எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை" என்றார்.

குருமடத்தில் பல வருஷம் வேதசாஸ்திரம் படித்தவன் நான். அந்த வார்த்தைக்குப் பதில் என்னிடம் இல்லை. கோயில் திண்ணையில் அவரோடு உட்கார்ந்தேன். அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாவைப் பற்றி அவர் பேசினது கொஞ்சம். மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது, பத்திரிகை அடிக்கலாமா, தள்ளிப் போடலாமா? கூட்டுறவு சங்கத்துக் கடனுக்கு யார் பொறுப்பு? பாஸ் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று கூட மனைவிக்குத் தெரியாதே! இவைதாம் அவருடைய நெஞ்சிலிருந்த பாரம்.

இரண்டாமவர் பள்ளிக்கூட உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் அம்மாள். பீடி, சிகரெட்டு வாசனையே அறியாதவர். அவருக்கும் நிழல் என்றார்கள். யாரும் அவரிடம் "ஒன்றும் இராது" என்று சொல்லவில்லை. ஏனென்றால் அவர் யாரிடமும் சொல்லவேயில்லை. துபாயில் இருக்கும் மகனுக்குக் கூடத் தெரியாது. புற்றுநோய்தான் என்று தாமே தீர்மானித்துவிட்டார். சேலைகளை அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டார். சாப்பாட்டைக் குறைத்தார். இனி எதற்குச் செலவு என்று, குறித்த நாளில் அடுத்த பரிசோதனைக்கும் போகாமல் இருந்துவிட்டார்.

கவனியுங்கள். ஒரு வீட்டில் ஒன்றுமில்லை என்று முன்கூட்டித் தீர்ப்புச் சொன்னார்கள். மற்ற வீட்டில் எல்லாம் முடிந்தது என்று முன்கூட்டித் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டும் ஒரே தப்பிதம். தெரியாததைத் தெரியாதது என்று வைத்திருக்க மனம் பொறுக்காமல், நாமே ஒரு முடிவை எழுதிக்கொள்கிறோம்.

2. நிழல் என்பது என்ன?

1895-ம் ஆண்டில் ரோன்ட்ஜன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டுபிடித்த கதிரே எக்ஸ்-ரே. காற்று நிறைந்த நுரையீரலுக்குள் அது எளிதில் பாயும். படத்தில் அவ்விடம் கறுப்பாய் விழும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரோ, சீழோ, சதையோ, பழைய தழும்போ இருந்தால் அவ்விடம் வெளுத்துத் தோன்றும். அதையே நிழல் என்கிறார்கள். நிமோனியாவும் நிழல் விழச் செய்யும், காசநோயும் செய்யும், என்றோ ஆறிப்போன காசநோயின் வடுவும் செய்யும், புற்றும் செய்யும். படம் இடத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது.

அமெரிக்காவில் 2002-ல் தொடங்கிய ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. நெடுங்காலம் புகைத்த, 55 முதல் 74 வயது வரையுள்ள 53,000-க்கு அதிகமான பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த ஸ்கேன்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் சந்தேகத்துக்கிடமான புள்ளி தெரிந்தது. ஆனால் அப்படிச் சந்தேகப்பட்டவற்றில் 100-க்கு 96 புற்று அல்ல என்று பின்னால் தெளிவாயிற்று.

இதைக் கேட்டு அலட்சியமாயிருக்கலாகாது. அந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் நோயின் அடையாளம் எதுவும் இல்லாதவர்கள். சளியில் இரத்தம் காண்கிறவரும், காரணமில்லாமல் எடை குறைகிறவரும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றால் நேரும் மரணம் 100-க்கு 20 வீதம் குறைந்ததென்பதும் அதே ஆராய்ச்சி கண்ட உண்மை. ஆகவே பயந்து நடுங்கவும் வேண்டாம். பரிசோதனையைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

3. ஏன் இத்தனை நாள்?

"துணுக்கை எடுத்துவிட்டார்களே, உடனே சொன்னால் என்ன?" என்று பலரும் கோபப்படுகிறார்கள். எடுத்த துணுக்கை ஃபார்மலின் என்ற மருந்து நீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார்கள். சந்தேகமிருந்தால் வேறு சாயங்களைப் போட்டு மறுபடியும் பார்க்கிறார்கள். புற்று என்று தெரிந்தாலும், எந்த மருந்து அதற்குப் பொருந்தும் என்று மரபணுவைச் சோதிக்க இன்னும் நாளாகும். காசநோய்க் கிருமியைத் தேடும் புது இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் பதில் தரும். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை செல்லும். சில சமயம் எடுத்த துணுக்கு போதாமல் மறுபடியும் எடுக்க நேரிடும். அந்த லேத் தொழிலாளிக்கு அப்படித்தான் நேர்ந்தது. பத்து நாள் எண்ணிக் காத்திருந்தவருக்கு, "இன்னொரு முறை எடுக்க வேண்டும்" என்று பதில் வந்தது.

இன்னும் சிலரை டாக்டர், "மூன்று மாதம் கழித்து வந்து மறுபடியும் ஸ்கேன் எடுங்கள்" என்று அனுப்புகிறார். கைவிட்டுவிட்டார் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. மிகச் சிறிய புள்ளியில் ஊசி போட்டுச் சதை எடுப்பது கடினம், அபாயமும் உண்டு. புள்ளி வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதே அதன் குணத்தைக் காட்டும். 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை 10 மில்லிமீட்டர் ஆனால் பார்வைக்குக் கொஞ்சந்தான் பெரிது. ஆனால் அதன் பருமன் ஏறக்குறைய இரட்டித்துவிட்டது. இந்த வித்தியாசம் தெரிய நாள் செல்ல வேண்டும். கெட்டியான புள்ளி இரண்டு வருஷம் வளராமல் நின்றால் பெரும்பாலும் தீங்கற்றது என்று வைத்தியர்கள் கொள்வதும் இதனால்தான். விதைத்தவன் முளை வரும்வரை காத்திருந்தே நெல்லா களையா என்று அறிகிறான். டாக்டர் குறித்த காத்திருப்பும் ஒரு பரிசோதனையே.

4. பூங்காவனத்து இரவு

காத்திருக்கிறவர்கள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் என்னிடம் சொல்வது: "சாமி, எனக்கு விசுவாசம் இல்லை, பயப்படுகிறேன்." நமது ஆண்டவர் பூங்காவனத்தில் பயப்படவில்லையா? இரத்த வியர்வை வரும் வரைக்கும் கலங்கினாரே. துன்பத்தின் கிண்ணம் தம்மை விட்டு நீங்க வேண்டுமென்று ஒரு முறையல்ல, மூன்று முறை மன்றாடினார். பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்ததும் அதே ஜெபத்திலேதான். பயமும் விசுவாசமும் ஒரே நெஞ்சில், ஒரே இரவில் இருக்கக்கூடும் என்று அவரே காட்டினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவர் துணைக்கு ஆள் வேண்டுமென்று கேட்டார். சீஷர்களோ தூங்கிப்போனார்கள்.

புற்று நோயாளிகளின் பாதுகாவலராகிய அர்ச். பெரெகிரீன் இத்தாலி தேசத்துப் போர்லி ஊரில் பிறந்தவர்; 1345-ல் மரித்தார்; 1726-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். அவருடைய காலில் புண் வைத்து அழுகி, மறுநாள் காலை அந்தக் காலை எடுத்துவிடுவதென்று வைத்தியர் தீர்மானித்திருந்தார். முந்தின இரவு அவர் தவழ்ந்தாற்போல் பாடுபட்ட சுரூபத்தண்டை போய் ஜெபித்தார் என்றும், காலையில் புண் ஆறியிருந்ததென்றும் பரம்பரையாய்ச் சொல்லப்படுகிறது. நாம் காலையில் நடந்த புதுமையைப் பற்றியே பேசுகிறோம். அந்த இரவைப் பற்றிச் சற்று யோசியுங்கள். வைத்தியரைத் தள்ளிவிட்டு அவர் ஜெபத்துக்குப் போகவில்லை. வைத்தியருக்குச் சம்மதம் சொல்லிவிட்டே போனார். விடியும்போது என்ன நடக்குமென்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே ஜெபித்தார். நமக்கு அவர் பாதுகாவலராவது முக்கியமாய் இதனால்தான்.

5. காத்திருப்பவர் செய்ய வேண்டியவை

முதலாவது: ஒரு தாளில் மூன்று பத்தி எழுதுங்கள். இன்று நிச்சயமாய்த் தெரிந்தது என்ன? இன்னும் தெரியாதது என்ன? அடுத்தபடி செய்ய வேண்டியது என்ன? அன்று திண்ணையில், பூசைக் கருத்துச் சீட்டின் பின்பக்கத்தில் இதைத்தான் எழுதினோம். தெரிந்த பத்தியில் இரண்டே வரி வந்தது. அவர் அதைப் பார்த்து, "இவ்வளவுதானா சாமி தெரிந்தது!" என்றார்.

இரண்டாவது: டாக்டரிடம் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். கலங்கிய காதில் பாதி வார்த்தை விழாது. அடுத்த பரிசோதனை என்ன, முடிவு எந்த நாளில் யாரிடம் கிடைக்கும், அந்த நாளில் வராவிட்டால் யாரைக் கேட்பது என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சில அடையாளங்கள் கண்டால் குறித்த நாளுக்குக் காத்திருக்கலாகாது. அதிகமாய் இரத்தம் துப்புதல், மூச்சுத் திணறல், முகமும் கழுத்தும் வீங்குதல், கால்கள் திடீரென்று பலமிழத்தல் ஆகிய இவை கண்டால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காசநோய் மருந்து கொடுத்தும் குணம் தெரியாவிட்டால், மறுபடியும் டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

நான்காவது: முடிவு எதுவானாலும் பயன்படும் வேலையைச் செய்யுங்கள். பீடியை விடுவது அப்படிப்பட்டது. புற்றானாலும் காசமானாலும் தழும்பானாலும் நன்மையே. வேளைக்குச் சாப்பிடுவது அப்படிப்பட்டது. பாஸ் புத்தகம், கடன் சீட்டு, காப்பீட்டு அட்டை எங்கே இருக்கின்றன என்று வீட்டாருக்குக் காட்டுவது அப்படிப்பட்டது. இது சாவுக்கு ஆயத்தமல்ல, எந்தக் குடும்பத் தலைவருக்கும் உள்ள கடமை.

ஐந்தாவது: இரவு இரண்டு மணிக்குச் செல்போனில் வியாதியைத் தேடாதீர்கள். அது உங்கள் நிழலைப் பார்த்ததில்லை. விசாரத்துக்கும் ஒரு நேரம் குறியுங்கள்: சாயங்காலத்தில் அரை மணி நேரம், நம்பத்தக்க ஒருவரோடு உட்கார்ந்து, பயத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு செபமாலையைச் சொல்லிப் படுங்கள். இரவில் விசாரம் வந்தால், "உன் நேரம் நாளைச் சாயங்காலம்" என்று அனுப்பிவிடுங்கள். ஒரே நாளில் பழகாது; பழகும்.

6. வினா – விடை

வினா: வீட்டில் ஒருவர் காத்திருக்கும்போது நாம் என்ன சொல்ல வேண்டும்?

விடை: "ஒன்றும் இராது" என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை, நமக்குத் தெரியாதே. "எனக்கும் தெரியவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன்" என்று சொல்லலாம். அது பொய்யுமல்ல, அதைச் சொல்கிறவர் கூடவும் இருப்பார்.

வினா: நோயாளிக்குத் தெரியாமல் வீட்டார் மறைக்கலாமா?

விடை: அவருடைய சரீரம், அவருடைய சங்கதி. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். மறைத்தாலும் வீட்டார் முகம் சொல்லிவிடும்; பிறகு அவர் தனியே பயப்படுவார்.

வினா: சிறு பிள்ளைகளுக்கு?

விடை: அவர்களும் கவனிக்கிறார்கள். "அப்பாவுக்கு நெஞ்சில் என்னவென்று டாக்டர் பார்க்கிறார், தெரிந்ததும் சொல்வோம்" என்பது போதும். சொன்னபடி பிறகு சொல்ல வேண்டும்.

வினா: சதை எடுத்தால், கத்தி பட்டால், புற்று பரவும் என்கிறார்களே?

விடை: ஊசி போட்ட வழியில் பரவுவது மிக மிக அரிது. இந்தப் பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளினவர்கள் காலத்தை இழப்பது அரிதல்ல.

வினா: "பீடி குடித்தாய், அனுபவி" என்று சொல்லலாமா?

விடை: புகை பெரிய காரணமென்பது உண்மை, 1950-ம் ஆண்டு முதல் ஆராய்ச்சிகள் அதைக் காட்டி வருகின்றன. ஆனால் புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. யாருக்கு வந்தாலும் நமக்கு அவர் சகோதரர். புத்தி சொல்ல வேறு நாள் உண்டு.

வினா: நேர்ச்சை செய்யலாமா? குறி கேட்கலாமா?

விடை: நேர்ச்சை நல்லது, பேரம் ஆகாது. "இதைத் தருகிறேன், அதைத் தாரும்" என்று வியாபாரம் பேசாமல், பிள்ளை தகப்பனிடம் கேட்பதுபோல் கேளுங்கள். குறியும் ஜோசியமும் கூடவே கூடாது. அவையும் முன்கூட்டிச் சொல்லும் பொய்த் தீர்ப்பே.

வினா: நோயில் பூசுதல் பெறலாமா?

விடை: முன்பு அவஸ்தைப்பூசுதல் என்றோம், சாகும் வேளைக்கென்றே பலரும் எண்ணினார்கள். 1972-ல் புதிய சடங்கு முறை ஏற்பட்டது. கனமான வியாதியுள்ளவரும், அதன் நிமித்தம் பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவரும் நல்ல ஞாபகத்தோடு இருக்கையிலேயே பெறலாம். கூப்பிடுங்கள், வருகிறேன். என்னைக் கண்டு அக்கம்பக்கத்தார் பயப்பட வேண்டாம்.

7. அந்த இரண்டு வீடுகள்

டீச்சர் அம்மாளை மரியாயின் சேனைச் சகோதரிகள் இருவர் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அவருக்கு இருந்தது காசநோய். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமடைந்தார். "பயந்த வியாதி வரவில்லை, ஆனால் பட்டினி கிடந்து நானே ஒரு வியாதியை வரவழைத்துக்கொண்டேன்" என்கிறார்.

லேத் தொழிலாளிக்கு இருந்தது புற்றுநோய்தான். இரண்டாம் துணுக்கில் தெரிந்தது. இப்போது சிகிச்சை நடந்து வருகிறது. மேலே எப்படியென்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லேன். மகளின் கலியாணம் குறித்த நாளிலேயே நடந்தது. அவரே மகளின் கையைப் பிடித்துப் பீடத்தண்டை அழைத்து வந்ததை நீங்களெல்லாரும் கண்டீர்கள். இன்னும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அவர் காத்திருக்கத்தான் வேண்டும். "காத்திருக்கிறது பழகிவிட்டதா?" என்று சென்ற வாரம் கேட்டேன். "இல்லை சாமி. ஆனால் இப்போது வீட்டிலே, பயமாயிருக்கிறது என்று சொன்னால், எனக்கும் பயமாயிருக்கிறது என்று அவளும் சொல்கிறாள். அப்புறம் இரண்டு பேரும் காபி குடிக்கிறோம்" என்றார்.

அன்று ஞானோபதேச மணியைச் சாக்கிட்டு நான் எழுந்துபோன அந்த அம்மாளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் அதைச் சொல்லி வைக்கிறேன்.

இவ்வார நற்கிரியை: உங்கள் தெருவில் முடிவுக்காகக் காத்திருப்பவர் யாரேனும் உண்டா என்று விசாரியுங்கள். அவரிடம் ஆலோசனை சொல்லப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருக்கப் போங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைபோக வசதியுள்ளவர்கள், வாரத்தில் எந்த நாள் என்று குறித்து உபதேசியாரிடம் பெயர் கொடுக்கவும். வெள்ளிக்கிழமைப் பூசை, பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் எல்லாருடைய கருத்துக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும்.

உங்கள் பங்குக் குரு